சொந்த ஊரில் தினம் ஒரு படம்: எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்காசி மாவட்டத்தில், கேரள எல்லையோரம் இருக்கும் செங்கோட்டைப் பக்கம் தினமும் ஒரு படம் எடுக்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. என்னைப் பார்த்து ஆரம்பித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் மூன்றாவது வாரத்தில் நின்றுபோனார்கள். சோம்பல் காரணமில்லை. முதல் நாள் குற்றாலம், மறுநாள் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி, அப்புறம் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம், பண்பொழித் திருமலைக் கோயில், குண்டாறு அணை என்று போனார்கள். பத்து நாளில் ஊர் தீர்ந்துவிட்டது. பதினோராவது நாள் எதை எடுப்பது?

கீழே இருப்பது அந்தப் பதினோராவது நாளுக்கான முறை. அருவியில் தண்ணீர் இல்லை, கோயிலில் கொடைத் திருவிழா இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் ஒரு படம் வேண்டும். வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் மூன்றாவது படியைத் தாண்டிக் குதித்துத்தான் விழுகிறார்கள்.

1. முதலில் செய்து வைக்க வேண்டியவை

போன் கேமரா போதும். புதுக் கேமரா வாங்கி ஆரம்பித்தால் முதல் மாதம் முழுக்கக் கேமராவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

போனில் ஐந்து விஷயங்களைச் சரிசெய்யுங்கள். கட்டக் கோடுகளைப் போடுங்கள். தந்திக் கம்பமும் கதவு நிலையும் சாயாமல் பார்த்துக்கொள்ளலாம். முகத்தை வழுவழுப்பாக்கும் பியூட்டியை அணையுங்கள். வயலின் பச்சையைத் தானாகத் தூக்கிக் காட்டும் ஏஐ வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். ஆனி மாத நாற்றும் புரட்டாசிப் பயிரும் ஒரே பச்சையாகத் தெரிந்தால் தினமும் எடுத்து என்ன பயன்? பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வேண்டாம், நமக்குப் பாதி விஷயம் பின்னணியில்தான் இருக்கிறது. பிளாஷ் எப்போதும் அணைந்தே இருக்கட்டும்.

இடமும் வேண்டும். ஒரு படம் சுமார் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், நாளுக்குப் பத்துப் படம் வருஷத்துக்கு ஏறத்தாழ 15 ஜிபி ஆகும். அதற்கு இப்போதே வழி செய்துவிடுங்கள். ‘போன் நிறைந்துவிட்டது’ என்று நின்றவர்கள் இரண்டு பேர்.

இவை தவிர, சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு, ஒரு பேனா, பழைய பருத்தித் துணியில் கிழித்த ஒரு துண்டு. இந்தத் துணி சின்ன விஷயம் இல்லை. லென்ஸில் விரல் எண்ணெய் பட்டிருந்தால் விளக்கு வெளிச்சமெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொண்டு வரும். எடுக்கும் முன் ஒரு துடைப்பு.

2. ஒரு சின்னச் சுற்றைப் பிடியுங்கள்

நடந்து அரை மணியில் முடியும் ஒரு சுற்று. அதே சுற்று, தினமும். இடம் மாறாமல் இருந்தால்தான் மாறுவது எது என்று கண்ணுக்குப் பிடிபடும். புது இடத்தில் எல்லாமே புதுசாகத் தெரியும்; அப்போது எதையும் கவனித்ததாக ஆகாது.

சுற்றில் மூன்று இடம் இருக்க வேண்டும்: ஆட்கள் நின்று பேசும் இடம், வேலை நடக்கும் இடம், வானம் திறந்து கிடக்கும் இடம். ஒன்றில் ஒன்றும் கிடைக்காத நாளில் இன்னொன்று கைகொடுக்கும். என் சுற்றில் ஒரு டீக்கடை, ஒரு மர அறுவை மில், அதற்குப் பின்னால் வயல்.

மூன்றும் பிரானூர் பார்டர் பக்கம். வெளியூர்க்காரர்கள் பார்டர் என்றதும் செக்போஸ்டைத் தேடுவார்கள். மாநில எல்லை மேலே கோட்டைவாசலில் இருக்கிறது. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு (1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்ததால் அப்போது எல்லை இங்கே. எல்லை மலையேறிப் போய்விட்டது, பெயரும் பார்டர் பரோட்டாவும் இங்கேயே தங்கிவிட்டன.

புதியவர்கள் செய்யும் தவறு, சுற்றைப் பெரிதாக வைப்பது. பைக்கில் புளியரை போய், எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு வரை போய்த் திரும்புவது ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. தினமும் நடக்காது. பைக்கில் போகிறவன் பார்ப்பது ரோட்டை மட்டும்தான்.

3. முதல் வாரம் கேமராவைத் திறக்காதீர்கள்

இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் இந்த ஒரு வாரத்தைச் செய்தவர்கள்தான் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழு நாள் சுற்றி வந்து, வீட்டுக்கு வந்ததும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். விதி ஒன்றுதான்: யாரோ எதையோ செய்திருக்க வேண்டும். ‘அழகான காலை’, ‘இதமான சாரல்’ எல்லாம் கணக்கில் வராது. என் முதல் நோட்டிலிருந்து சில வரிகள்:

‘பரோட்டாக் கடைப் பையன் கல்லைத் தேங்காய் நாரால் தேய்க்கிறான். கடை திறக்க இன்னும் நேரம் இருக்கிறது.’

‘கொல்லம் போகிற பஸ் கண்டக்டர் சாயா என்று கேட்டார். மாஸ்டர் உள்ளே பார்த்து டீ ஒண்ணு என்றார்.’

‘புளியமரத்துக் கிளையில் வைக்கோல்.’

மூன்றாவது வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரோட்டோரத்துப் புளியமரம் ஒன்றில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, கிளை நுனியெல்லாம் வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது. பறவைக் கூடாக இருக்கும் என்று நினைத்தேன். நான்காவது நாள் பார்த்தால் வைக்கோல் கூடியிருந்தது; அதுவும் ரோட்டின் ஒரே பக்கத்துக் கிளைகளில் மட்டும். அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போகும் பக்கம். பாரம் தாண்டி ஏற்றிய வைக்கோல் லாரிகள் போகிறபோது கிளை சீவிவிட்டதில் சிக்கியது அது. எதிர்ப்பக்கக் கிளைகள் சுத்தம், ஏனென்றால் லாரிகள் காலியாகத் திரும்புகின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதற்கு முன் அது கண்ணில் பட்டதே இல்லை.

முதல் நாளே கேமராவோடு போயிருந்தால் அந்த மரத்தை எடுத்திருப்பேன், வைக்கோலைப் பார்த்திருக்க மாட்டேன். எழுதுவதற்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டும், அதனால் கண் நடப்பதைத் தேடும். கேமரா கையில் இருந்தால் கண் அழகைத் தேடப் போய்விடும். எட்டாவது நாள் கேமராவைத் திறக்கும்போது உங்கள் நோட்டில் இருபத்தொரு வரி இருக்கும். அவைதான் முதல் மூன்று வாரத்துப் படங்கள்.

4. நேரத்தை ஒரு வேலையோடு கட்டிப்போடுங்கள்

‘தினமும் நேரம் கிடைக்கும்போது’ என்றால் கிடைக்காது. பால் வாங்கப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, சாயங்காலக் கடைத்தெரு, எதோடாவது சேர்த்துவிடுங்கள். எனக்குப் பால். பால் வாங்காமல் வீட்டில் காப்பி இல்லை, ஆகவே படமும் தப்பாது.

5. நம் ஊர் வெளிச்சத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொதுவான வழிகாட்டிகளில் ‘சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்’ என்று இருக்கும். மலையடிவாரத்தில் அந்தக் கணக்கு தப்பும். நமக்கு மேற்கே மலை. போனில் காட்டும் மறைவு நேரத்துக்கு அரை மணி முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலைக்கு இன்னும் கிட்டே இருக்கிறவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம். ஆகவே சாயங்கால மஞ்சள் வெளிச்சம் வேண்டுமென்றால் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். காலையில் இந்தத் தொல்லை இல்லை, கிழக்கே தடுக்க ஒன்றுமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலைக்காரர்களுக்கு இது தலைகீழ்: அவர்களுக்குக் காலை வெயில்தான் தாமதமாக வந்து இறங்கும்.

அப்புறம் சாரல். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று தூற்றலைப் படுக்கைவாட்டில் கொண்டுவரும். ‘சாரல் எடுத்தேன், படத்தில் ஒன்றுமே இல்லை’ என்று எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். வெள்ளை வானத்துக்கு எதிரே சாரல் தெரியாது. பின்னால் இருட்டு வேண்டும்: திறந்த கதவின் உட்பக்கம், மில்லின் தகரக் கொட்டகை நிழல், ஓர் ஆலமரத்தின் அடிப்பக்கம். வெளிச்சம் சாரலுக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தால் ஒவ்வொரு துளியும் நிற்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை, மாற்ற முடிகிற போன் என்றால், 1/60 நொடியில் சாரல் கோடாக விழும், 1/500 நொடியில் புள்ளியாக உறையும். எனக்குக் கோடுதான் பிடிக்கும், ஊர்ச் சாரல் அப்படித்தான் மேலே படுகிறது. பிளாஷ் போட்டால் போனுக்குப் பக்கத்திலிருக்கும் துளிகள் மட்டும் வெள்ளைப் பொட்டுகளாக மின்னி, பின்னால் இருப்பதை மறைத்துவிடும்.

போன் நனைந்தால் சார்ஜ் போடும் வாய் காயும் வரை சார்ஜில் போடாதீர்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

6. பின்னணியை முதலில் பிடியுங்கள், ஆள் வருவார்

புதியவர்கள் ஆளைப் பார்த்ததும் ஓடுவார்கள். அவர் நகர்ந்துவிடுவார், பின்னால் ஏதோ ஒரு பிளக்ஸ் பேனர் நிற்கும்.

மாற்றிச் செய்யுங்கள். முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து நில்லுங்கள். அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வெளிச்சத்தை ஒரு துளி கீழே இறக்குங்கள். நம் வெயிலில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் வெளிறிப்போனால் திரும்ப வராது, இருட்டாக இருப்பதைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். அப்புறம் பத்து நிமிடம் காத்திருங்கள்.

எங்கள் டீக்கடைச் சுவரில் தமிழ்ப் பேப்பர் போஸ்டரும் மலையாளப் பேப்பர் போஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். நான் மூன்று நாள் அந்தச் சுவருக்கு எதிரே நின்றேன். முதல் நாள் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு நாய். மூன்றாம் நாள் பாலக்காட்டிலிருந்து வந்த லாரி டிரைவர் மலையாளப் போஸ்டரைப் படித்துக்கொண்டிருக்க, அவருடைய கிளீனர் பையன் தமிழ்ப் போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் வாயும் அசைகிறது. ஒரே தட்டில் இரண்டு கிளாஸ். அந்தப் படத்துக்கு நான் செய்தது, அங்கே நின்றது மட்டும்தான்.

நடக்கும் ஆளை எடுக்க 1/250 நொடி வேண்டும், ஓடும் வண்டிக்கு 1/1000. அதைவிட மெதுவாக எடுத்தால் கலங்கும். போனில் ஜூம் செய்து எடுக்காதீர்கள்; இரண்டு எட்டு முன்னால் போங்கள். ஜூம் செய்து எடுத்த படத்தில் ஒளிந்து நின்று பார்த்த தோரணை வந்துவிடுகிறது.

எல்லைக்கே உரிய ஒரு தவறும் உண்டு. இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டு போவது. அந்தப் பக்கம் தென்னை, ஓட்டு வீடு, லாட்டரிக் கடை. இந்தப் பக்கம் வயல், காற்றாலை, தலைவர் சிலை. இதெல்லாம் காலண்டரிலேயே இருக்கிறது. கேரள பஸ் போர்டில் நம் தென்காசி மலையாள எழுத்தில் ‘தெங்காசி’ ஆகியிருப்பது, லாட்டரியை 2003-இல் தமிழ்நாடு தடை செய்த பிறகும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இந்தப் பக்கத்தில் சிலர் போனைத் திறந்து கேரளக் குலுக்கல் நம்பர் பார்ப்பது, பாவூர்சத்திரத்துக் காய்கறி மூட்டையில் மலையாளத்தில் எழுதியிருப்பது, இவைதான் இங்கே நிற்கிறவனுக்கு மட்டும் கிடைக்கும் படங்கள்.

7. கேளுங்கள்

முகம் தெரியும்படி எடுத்தால் கேட்க வேண்டும். எடுப்பதற்கு முன் கேட்பது நல்லது. நடந்துகொண்டிருக்கும் காட்சி கலைந்துவிடும் என்றால் எடுத்துவிட்டு, அப்போதே போய்க் காட்டி, ‘வேண்டாம்’ என்றால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள்.

இந்தப் பக்கம் “அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கிடட்டா?” போதும். “எதுக்குடே?” என்று திரும்பக் கேட்டால் சம்மதம் பாதி வந்துவிட்டது என்று அர்த்தம். நின்று பதில் சொல்லுங்கள். அந்தப் பக்கம் “சேட்டா, ஒரு போட்டோ எடுத்தோட்டே?” என்று தப்பும் தவறுமாகக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். குழந்தை என்றால் தாய் தகப்பனிடம் கேட்காமல் கூடவே கூடாது. செக்போஸ்ட், ரயில்வே வேலை நடக்கும் இடம், வனத்துறைக் கேட் இங்கெல்லாம் கேமராவைத் தூக்காதீர்கள். ஒரு படத்துக்காக அரை நாள் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

எடுக்கக் கேட்பது வேறு, வெளியிடக் கேட்பது வேறு. இது எனக்குத் தெரியாமல் இருந்தது. மில்லில் மரத்தடி தூக்கும் ஒருவரைக் கேட்டுத்தான் எடுத்தேன், தோளில் மரத்தூளோடு நல்ல படம். அதை ஸ்டேட்டஸில் போட்டேன். மறுநாள் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். சம்பந்தி வீட்டில் அவர் மில்லில் கணக்கு எழுதுகிறார் என்று சொல்லியிருந்தார்களாம். கோபப்படவில்லை, “ஸ்டேட்டஸ்லேருந்து எடுத்திருங்க தம்பி” என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு கேள்வியும் தனித்தனியாகக் கேட்கிறேன்.

8. அன்றிரவே ஒன்றை வையுங்கள்

பத்து எடுத்தால் ஒன்று மிஞ்ச வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை எழுபது படம் உட்கார்ந்திருக்கும், தொடமாட்டீர்கள்.

எதை வைப்பது? நோட்டில் எழுதினால் ஒரு வரி வரக்கூடிய படத்தை. அழகாக இருக்கிறது, ஆனால் எழுத ஒன்றுமில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். கொஞ்சம் கலங்கியிருந்தாலும் ஏதோ நடக்கிறது என்றால் அதை வையுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், நாள், இடம் என்ற வரிசையில் வையுங்கள்: 2024-07-16-டீக்கடை. நாள் எண்ணை முதலில் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒரே இடத்தில் போய்க் குவியும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்வதைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதி நேர விவரமும் கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். இரண்டாவது பிரதி ஒரு பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ இருக்கட்டும்.

9. மாதக் கடைசியில் தரையில் பரப்புங்கள்

முப்பது படத்தையும் 4×6 அளவில் பிரிண்ட் போட்டுப் பாயில் பரப்பிப் பாருங்கள். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளும்போது தெரியாதது தரையில் தெரியும். என் முதல் மாதத்தில் முப்பதில் பத்தொன்பது பேர் ஆண்கள், மிச்சமெல்லாம் மரமும் பஸ்ஸும். பெண்கள் ஒருவர்கூட இல்லை. ஊரில் பெண்களே இல்லையா? நான் போன நேரமும் நின்ற இடமும் அப்படி. அடுத்த மாதம் சுற்றைக் குழாயடிப் பக்கம் திருப்பினேன், என் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு.

பிரிண்டில் ஒரு பொறி இருக்கிறது. போன் படம் 4:3, அந்தத் தாள் 3:2. படுக்கைவாட்டில் எடுத்த படத்தைத் தாள் நிறைய அடித்தால் மேலும் கீழும் சேர்த்து ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். தலை உச்சியை ஒட்டி எடுத்த படமெல்லாம் முடி வெட்டியதுபோல் வரும். எடுக்கும்போதே கொஞ்சம் இடம் விடுங்கள்.

10. விட்டுப்போன நாள்

விட்டுப்போகும். காய்ச்சல், கல்யாணம், துக்கம். அந்த நாளை வெற்றாக விடுங்கள். நேற்றைய படத்தை இன்றைக்கு என்று எழுதி வைத்தால் மொத்தக் கணக்கும் பொய்யாகிவிடும். ஒரு நாள் விட்டதற்காக ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பிப்பவர்கள் மறுபடி மறுபடி ஒன்றிலேயே நிற்பார்கள். என் முதல் வருஷத்தில் 41 நாள் காலி.

11. இரண்டாம் வருஷம்

அதே தேதிக்கு வந்ததும் போன வருஷப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்துக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். பார்த்துவிட்டுப் போனால் அதையே நகலெடுப்பீர்கள். முதலில் இன்றைக்கு எடுங்கள், ராத்திரி வந்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

போன கார்த்திகையில் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். முந்தைய வருஷம் ஐயப்பமார் ஏறிய வேன், இந்த வருஷம் ஐயப்பமார் ஏறிய வேன். வேறு வித்தியாசம் எதுவும் முதலில் கண்ணுக்குப் படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தபிறகுதான் தெரிந்தது, வேனுக்குப் பின்னால் புளியமரத்தின் அந்தப் பக்கத்துக் கிளையை வெட்டியிருந்தார்கள். நாளைக்குப் பால் வாங்கப் போகும்போது, வைக்கோல் இப்போது எதில் சிக்குகிறது என்று பார்க்க வேண்டும்.